சார்ட்டைப் படமாகச் சேமித்தால் கெட்டுப்போகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

எக்செலில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கிற சார்ட், படமாக்கி அனுப்பியதும் மங்கலாகத் தெரிகிறது, அல்லது பின்னணி கறுத்துவிடுகிறது, அல்லது நாம் போட்ட அம்புக்குறி காணாமல் போகிறது. உடனே நாம் சேமித்த முறையில்தான் தப்பு என்று நினைத்து மறுபடி மறுபடி சேமித்துப் பார்க்கிறோம். நான் பார்த்தவரை பத்தில் ஏழெட்டு தடவை தப்பு அதற்கு முன்பே, சார்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஷீட்டில் இருக்கும் சார்ட்டை மென்பொருள் ஒவ்வொரு முறையும் புதிதாக வரைகிறது, ஜூம் செய்தால் அந்த அளவுக்கு ஏற்ப மறுபடி வரைந்துகொள்ளும். படமாகிவிட்டால் அந்த வசதி போய்விடும். சேமித்த நொடியில் என்ன அளவு, என்ன எழுத்து, என்ன பின்னணி இருந்ததோ அதுவே நிலைத்துவிடும். அதனால் கீழே சொல்லும் தீர்வுகளில் பெரும்பாலானவை சேமிக்கும் பொத்தானைத் தொடும் முன் செய்ய வேண்டியவை. உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், மங்கலைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ரைட் கிளிக் செய்தால் படமாகச் சேமிக்கும் வழியே காட்டவில்லை

முதலில் எங்கே கிளிக் செய்தீர்கள் என்று பாருங்கள். எக்செலில் சார்ட்டின் நடுவே, ஒரு கம்பத்தின் மீதோ கோட்டின் மீதோ ரைட் கிளிக் செய்தால் அந்தக் கம்பத்துக்கான மெனுதான் வரும். சார்ட்டின் ஓரத்தில், எழுத்தோ கோடோ இல்லாத வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்தால் 'சேவ் அஸ் பிக்சர்' என்று ஒரு வரி தெரியும். அங்கேயும் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது பழைய எக்செலாக இருக்கலாம், விண்டோஸுக்கான பழைய பதிப்புகளில் சார்ட்டுக்கு இந்த வசதி கிடையாது.

அதற்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. ஒரே ஒரு சார்ட் என்றால் காப்பி செய்து பெயின்ட்டில் ஒட்டி, பிஎன்ஜி என்னும் பட வகையாகச் சேமித்துவிடுங்கள். கோப்பில் இருபது முப்பது சார்ட் இருக்கிறதென்றால் 'சேவ் அஸ்' போய், கோப்பு வகையில் 'வெப் பேஜ்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பக்கத்திலேயே கோப்பின் பெயரோடு ஒரு ஃபோல்டர் உருவாகும், அதற்குள் சார்ட்டுகள் எல்லாம் இமேஜ் 001, 002 என்று வரிசையாகப் படங்களாகக் கிடக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடலாம்.

எக்செல் கோப்பின் பெயரில் ஜிப் என்று மாற்றித் திறந்து உள்ளே படத்தைத் தேடுகிற ஒரு வழியையும் சிலர் சொல்வார்கள். அது நீங்கள் செருகிய புகைப்படங்களுக்கு உதவும், சார்ட்டுக்கு உதவாது. சார்ட் அந்தக் கோப்புக்குள் படமாக இருப்பதில்லை, எக்ஸ்எம்எல் என்னும் வரைதல் குறிப்பாகத்தான் இருக்கிறது. வீணாக நேரம் செலவிட வேண்டாம்.

லிப்ரே ஆபிஸ் கால்க்கில் இதே குழப்பம் வேறு மாதிரி வரும். அங்கே சார்ட்டை இரட்டை கிளிக் செய்தால் திருத்தும் நிலைக்குள் போய்விடுகிறது, அந்த நிலையில் ரைட் கிளிக் செய்தால் படமாக ஏற்றுமதி செய்யும் வரி வராது. எஸ்கேப் அழுத்தியோ வெளியே ஒரு செல்லைக் கிளிக் செய்தோ வெளியே வாருங்கள், பிறகு சார்ட்டை ஒரே ஒரு முறை கிளிக் செய்து, ரைட் கிளிக் செய்தால் 'எக்ஸ்போர்ட் அஸ் இமேஜ்' கிடைக்கும். கூகுள் ஷீட்ஸில் ரைட் கிளிக்கை மறந்துவிடுங்கள், சார்ட்டைத் தொட்டதும் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி தெரியும், அதற்குள் 'டவுன்லோட்' இருக்கிறது, பிஎன்ஜி, பிடிஎஃப், எஸ்விஜி மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

படம் மங்கலாக இருக்கிறது, எழுத்தைப் படிக்க முடியவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எக்செலில் ஒரு சார்ட்டைப் புதிதாகப் போட்டால் அது 5 அங்குல அகலம், 3 அங்குல உயரத்தில் வந்து உட்காரும். படம் பிக்சல் என்னும் மிகச் சிறு கட்டங்களால் ஆனது, விண்டோஸில் திரையின் வழக்கமான கணக்கு ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல். பெருக்கிப் பாருங்கள், 480 பிக்சல் அகலம், 288 பிக்சல் உயரம். உங்கள் படத்தில் இருப்பது அவ்வளவுதான். இப்போது பரவலாக இருக்கும் கைபேசித் திரைகளின் அகலம் 1080 பிக்சல், அதாவது அந்தச் சின்னப் படத்தை இரண்டு மடங்குக்கு மேல் இழுத்துத்தான் அது காட்டுகிறது. அச்சின் கீழே மாதப் பெயர்கள் 9 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவில் இருக்கும், படத்தில் அவற்றின் உயரம் பத்துப் பன்னிரண்டு பிக்சல்தான் தேறும். தமிழ் எழுத்தில் சுழியும் கொம்பும் மேலே புள்ளியும் அந்தப் பன்னிரண்டு பிக்சலுக்குள் அடங்கவே அடங்காது, 'செப்டம்பர்' என்பது கறுப்புத் தீற்றலாகத்தான் தெரியும். வாங்கியவர் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார், தீற்றல் பெரிய தீற்றலாகும்.

ஆகவே சேமிக்கும் முன் சார்ட்டைப் பெரிதாக்குங்கள். சார்ட்டைத் தேர்ந்தெடுத்தால் மேலே 'ஃபார்மட்' தாவல் வரும், அதன் வலது கோடியில் உயரமும் அகலமும் எழுதும் கட்டங்கள் இருக்கின்றன. அகலம் 15 அங்குலம், உயரம் 9 அங்குலம் என்று கொடுத்தால் படம் 1440க்கு 864 பிக்சலாக வரும். சென்டிமீட்டர் காட்டினால் 38.1, 22.86. மூலையைப் பிடித்து இழுப்பதைவிட எண்ணை எழுதுவது நல்லது, அடுத்த மாதமும் அதே அளவு வேண்டுமென்றால் எதைக் கொடுத்தோம் என்பது தெரிந்திருக்கும்.

இதோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சார்ட் மூன்று மடங்கானாலும் எழுத்து கூடவே பெரிதாவதில்லை, அது அதே 9 புள்ளியிலேயே நிற்கும். பெரிய மைதானத்தில் எறும்பு மாதிரி எழுத்து, படம் துல்லியமாக இருந்தும் கைபேசியில் படிக்க முடியாது. அகலத்தை மூன்று மடங்காக்கினால் எழுத்தையும் மூன்று மடங்காக்குங்கள்: அச்சு எழுத்து 9 என்றால் 27, தலைப்பு 14 என்றால் 42. திரையில் பார்க்கப் பூதாகரமாகத்தான் தோன்றும், பயப்பட வேண்டாம், படம் கைபேசி அளவுக்குச் சுருங்கும்போது சரியான அளவில் வந்து நிற்கும். கோட்டு சார்ட் என்றால் கோட்டின் தடிமனையும் கூட்டுங்கள், வழக்கமான 2.25 புள்ளிக் கோடு அவ்வளவு பெரிய படத்தில் தலைமுடி போல் மெலிந்துவிடும். மூல சார்ட் கெட்டுவிடக் கூடாது என்றால் அதற்கு ஒரு நகலை எடுத்துத் தனி ஷீட்டில் வைத்து அங்கே இதையெல்லாம் செய்யுங்கள். நான் 'பகிர' என்று ஒரு ஷீட்டே எப்போதும் வைத்திருக்கிறேன், அதில் இருக்கிற சார்ட்டுகள் எல்லாம் இந்தப் பெரிய அளவில்தான் இருக்கும், தரவு மாறினால் அவையும் தானாக மாறும், மாதாமாதம் சேமிப்பது மட்டும்தான் வேலை.

அவசரத்தில் அளவை மாற்ற நேரமில்லையா? ஷீட்டை 200 சதவீதம் ஜூம் செய்து, சார்ட்டுக்கு வெளியே ஒரு செல்லைத் தொட்டு அதன் மேலுள்ள தேர்வுப் புள்ளிகளை நீக்கிவிட்டு, விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் அழுத்தித் திரையிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள். ஜூம் செய்தால் எழுத்தும் கோடும் கூடவே பெரிதாகும் என்பதால் ஓரளவுக்கு நல்ல படம் கிடைக்கும். சுற்றிலும் செல் கோடுகள் தெரியாமல் இருக்க 'வியூ' தாவலில் கிரிட்லைன்ஸை அணைத்துவிடுங்கள்.

அச்சுக்குப் போகிற படம் என்றால் கணக்கு வேறு. அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் கேட்பார்கள், 15 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சாக வேண்டுமென்றால் சுமார் 1772 பிக்சல் தேவை. அதற்குப் படத்தைவிட பிடிஎஃப் மேல். சார்ட்டைத் தேர்ந்தெடுத்த நிலையிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்தால் அந்தச் சார்ட் மட்டும் ஒரு பக்கத்தில் வரும், கோடுகளும் எழுத்துகளும் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

அனுப்பும் முன் படத்தின் உண்மை அளவைப் பார்த்துக்கொள்வதும் பழக்கமாகட்டும். விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டீடெய்ல்ஸ்', அங்கே அகலம் எத்தனை பிக்சல் என்று எழுதியிருக்கும். 1000க்குக் கீழே இருந்தால் திரும்பப் போய்ப் பெரிதாக்கிச் சேமியுங்கள். சின்னப் படத்தை ஏதாவது ஒரு படம் திருத்தும் மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்குவதில் பயனில்லை, இல்லாத பிக்சல் எங்கிருந்தும் வராது.

என் கணினியில் தெளிவாக இருக்கிறது, வாட்ஸ்அப்பில் போனதும் மங்குகிறது

படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி மறுபடி அழுத்தித்தான் அனுப்புகிறது. 2023 ஆகஸ்டில் வந்த எச்டி தேர்வைப் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. சார்ட் மாதிரி சிறு எழுத்து உள்ள படத்துக்கு அதுவும் போதாமல் போகலாம், அப்போது கோப்பு இணைக்கும் குறியைத் தொட்டு 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்துக் கோப்பாக அனுப்புங்கள், ஒரு பிக்சலும் மாறாமல் போய்ச் சேரும்.

எழுத்துகளைச் சுற்றிலும் அழுக்குப் படிந்தது போல் இருக்கிறது

ஜேபெக்காகச் சேமித்திருப்பீர்கள். 1992இல் வந்த அந்த முறை புகைப்படங்களுக்காக உருவானது. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு உறுத்தாத நுணுக்கங்களைக் கழித்துவிட்டுச் சேமிக்கும். முகம், மரம், வானம் என்றால் தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து திடீரென்று தொடங்கி முடியும் இடத்தில் அந்தக் கழிவு சாம்பல் பொட்டுகளாகத் தெரிந்துவிடும். 1996இல் வந்த பிஎன்ஜி எதையும் கழிப்பதில்லை. சார்ட்டில் ஒரே நிறம் பரந்து கிடப்பதால் பிஎன்ஜி கோப்பு பெரும்பாலும் ஜேபெக்கைவிடச் சிறியதாகவும் இருக்கும். ஆகவே சார்ட் என்றால் பிஎன்ஜி, யோசிக்கவே வேண்டாம். ஏற்கெனவே ஜேபெக்காகச் சேமித்ததை பிஎன்ஜியாக மாற்றினால் அழுக்கும் சேர்ந்தேதான் வரும், மூலத்திலிருந்து புதிதாகச் சேமிக்க வேண்டும்.

பின்னணி கறுப்பாகிவிட்டது

சார்ட்டின் பின்னணிக்கு 'நோ ஃபில்' என்று கொடுத்திருப்பீர்கள், அல்லது நீங்கள் எடுத்த டெம்ப்ளேட் அப்படி இருந்திருக்கும். ஷீட்டில் அடியில் இருக்கிற வெள்ளை செல்கள் தெரிவதால் சார்ட்டும் வெள்ளை என்றே நமக்குத் தோன்றுகிறது. பிஎன்ஜியாகச் சேமித்ததும் அந்த இடம் ஒளி ஊடுருவும் வெற்றிடமாகிறது. வாங்குபவர் கைபேசியில் கறுப்புப் பின்னணி வைத்திருந்தால், அல்லது வழியில் ஏதாவது ஒரு செயலி அதை ஜேபெக்காக மாற்றினால், வெற்றிடம் கறுத்துவிடும். அடர் சாம்பலில் இருக்கும் அச்சு எழுத்துகள் அந்தக் கறுப்பில் கரைந்து, கம்பங்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

சார்ட்டின் ஓர வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து 'ஃபார்மட் சார்ட் ஏரியா', அதில் 'ஃபில்', 'சாலிட் ஃபில்', வெள்ளை. அவ்வளவுதான். கூடவே 'பார்டர்' பகுதியில் 'நோ லைன்' கொடுத்துவிட்டால் படத்தைச் சுற்றி வரும் மெல்லிய சாம்பல் கோடும் போய்விடும்.

அம்புக்குறியும் குறிப்பும் படத்தில் வரவில்லை

சார்ட்டின் மேலே 'இங்கேதான் விற்பனை சரிந்தது' என்று ஒரு பெட்டி வைத்து, அதிலிருந்து ஓர் அம்பும் போட்டிருப்பீர்கள். கண்ணுக்கு அது சார்ட்டின் மேல் இருக்கிறது, எக்செலைப் பொறுத்தவரை அது ஷீட்டின் மேல், சார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வேறொரு பொருள். சார்ட்டைச் சேமித்தால் சார்ட் மட்டும்தான் வரும்.

இதைச் சோதிக்கச் சார்ட்டைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். பெட்டி கூடவே நகர்ந்தால் உள்ளே இருக்கிறது, அங்கேயே நின்றுவிட்டால் வெளியே இருக்கிறது. வெளியே இருப்பதை கட் செய்து, சார்ட்டை ஒரு முறை கிளிக் செய்து, பேஸ்ட் செய்தால் உள்ளே போய்விடும், இடத்தை மட்டும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். இனிமேல் போடும் பெட்டிகளுக்கு, முதலில் சார்ட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு பெட்டியைச் செருகுங்கள், அது நேராக உள்ளேயே பிறக்கும். பெட்டிகள் ஏராளம் என்றால் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சார்ட்டையும் எல்லாப் பெட்டிகளையும் தேர்ந்தெடுத்து 'குரூப்' செய்து, அந்தக் குழுவைப் படமாகச் சேமிக்கலாம்.

அனுப்பிய கோப்பைத் திறக்கவே முடியவில்லை என்கிறார்கள்

கோப்பின் வகையைப் பாருங்கள். இஎம்எஃப் என்று இருந்தால் அது விண்டோஸின் சொந்த வடிவம், கைபேசியில் பெரும்பாலும் திறக்காது. டிஃப் வடிவத்திலும் இதே தொல்லை வரும். பெயரின் கடைசியில் பிஎன்ஜி என்று திருத்தி எழுதினால் கோப்பு மாறிவிடாது, பெயர்தான் மாறும். சேமிக்கும் பெட்டியில் வகையை பிஎன்ஜி என்று தேர்ந்தெடுத்து மறுபடி சேமியுங்கள்.

தமிழ் எழுத்து கட்டங்களாகவோ ஆங்கில எழுத்துக் குப்பையாகவோ வருகிறது

பிஎன்ஜியில் இது வராது, அதில் எழுத்தும் பிக்சல்தான், உங்கள் திரையில் எப்படித் தெரிந்ததோ அப்படியே எல்லோருக்கும் தெரியும். எஸ்விஜியாகச் சேமித்தால்தான் வரும். எஸ்விஜி எழுத்தை எழுத்தாகவே வைத்துக்கொண்டு, 'இந்த ஃபான்ட்டில் காட்டு' என்று பெயரை மட்டும் எழுதி வைக்கிறது. அந்த ஃபான்ட் எதிரில் இருப்பவரிடம் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும், எழுத்தின் அகலம் மாறி ஒன்றின் மேல் ஒன்று ஏறும், தமிழ் ஃபான்ட்டே இல்லாத இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் நோய் வேறு. பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்டில் தட்டச்சு செய்த தரவு அது. அந்த ஃபான்ட்டுகளில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், ஃபான்ட் அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. சோதிப்பது சுலபம்: சார்ட்டின் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபான்ட்டை நிர்மலா யுஐ என்று மாற்றுங்கள். தமிழாகவே இருந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை, கவலையில்லை. ஆங்கிலக் குப்பையாக மாறினால் செல்களில் உள்ள பெயர்களை எழுத்துரு மாற்றி ஒன்றில் கொடுத்து யூனிகோடாக்கி, திரும்ப ஒட்டுங்கள். ஒருமுறை செய்துவிட்டால் வரிசைப்படுத்துவது, தேடுவது எல்லாமும் சேர்ந்து சரியாகும்.

எஸ்விஜிதான் வேண்டும் என்று கேட்டால், இங்க்ஸ்கேப் என்னும் வரைதல் மென்பொருளில் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'பாத்' மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். எழுத்துகள் கோட்டு வடிவங்களாக மாறிவிடும், அதற்குப் பிறகு யாரிடமும் எந்த ஃபான்ட்டும் தேவையில்லை. எழுத்தைத் திருத்த முடியாமல் போகும் என்பதால் மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள்.

தமிழில் பெயர் வைக்கும்போது இன்னொன்றும் நடக்கும். நம் சொற்கள் நீளம், கம்பங்களின் அடியில் இடம் போதாமல் எக்செல் அவற்றைச் சாய்த்துவிடும், அல்லது ஒன்று விட்டு ஒன்று காட்டும். சாய்ந்த தமிழ் எழுத்து சின்னப் படத்தில் படிக்க மிகவும் சிரமம். நிற்கும் கம்பங்களுக்குப் பதிலாகப் படுத்த பட்டைகள் உள்ள 'பார்' சார்ட்டாக மாற்றிவிடுங்கள், பெயர்கள் இடப்பக்கத்தில் நேராக, முழுசாக உட்காரும். பெயர்கள் ஏழெட்டுக்கு மேல் இருந்தால் நான் வேறெதையும் முயல்வதே இல்லை.

சில மாதங்கள் காணவில்லை, அல்லது பழைய எண்ணே வருகிறது

ஃபில்டர் போட்டிருக்கிறதா, வரிசை ஏதும் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மறைந்த வரிசையை எக்செல் சார்ட்டில் காட்டாது. காட்டியே ஆக வேண்டுமென்றால் 'செலக்ட் டேட்டா' பெட்டியில் 'ஹிட்டன் அண்ட் எம்ப்டி செல்ஸ்' என்ற பொத்தானுக்குள் மறைந்தவற்றையும் காட்டச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யுங்கள்.

எண் பழையதாக இருந்தால், கணக்கிடும் முறை 'மேனுவல்' என்று மாறியிருக்கலாம். எஃப்9 அழுத்திவிட்டுச் சேமியுங்கள். கூகுள் டாக்ஸில் ஒட்டிய ஷீட்ஸ் சார்ட் என்றால் தரவு மாறினாலும் அது தானாக மாறாது, அதைத் தொட்டால் மூலையில் 'அப்டேட்' என்று வரும், அதை அழுத்த வேண்டும்.

ஒவ்வொரு படமும் ஒவ்வொரு அளவில் வருகிறது

ஷீட்டின் நெடுவரிசையை அகலமாக்கியபோதோ மறைத்தபோதோ சார்ட்டும் கூடவே நசுங்கியிருக்கும். 'ஃபார்மட் சார்ட் ஏரியா'வில் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதிக்குப் போய், செல்களோடு நகரவும் வேண்டாம், அளவு மாறவும் வேண்டாம் என்ற தேர்வைப் போடுங்கள். பிறகு கன்ட்ரோல் அழுத்தி எல்லாச் சார்ட்டையும் தேர்ந்தெடுத்து, அகலம், உயரம் கட்டங்களில் ஒரே எண்ணைக் கொடுத்தால் எல்லாமும் ஒரு சீராகிவிடும்.

மேக்ரோ வைத்துச் சேமித்தால் வெற்றுப் படம் வருகிறது, அல்லது பிழை காட்டி நிற்கிறது

சார்ட்டுகள் அதிகம் என்றால், எக்செலுக்குள் மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவில் 'எக்ஸ்போர்ட்' கட்டளை வைத்து ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் படமாக்குவது நல்ல வழிதான். ஆனால் பத்துப் படத்தில் மூன்று மட்டும் வெள்ளைத் தாளாக வரும், அல்லது கோப்பின் அளவு 0 என்று காட்டும். திரையில் தெரியாத சார்ட்டை எக்செல் பல சமயம் வரையாமலேயே விட்டுவிடுகிறது, வரையாததைச் சேமித்தால் வெற்றுப் படம்தானே வரும். சுழற்சிக்குள் ஒவ்வொரு சார்ட்டுக்கும் முன்னால், அது இருக்கிற ஷீட்டை 'ஆக்டிவேட்' செய்து, சார்ட்டையும் 'ஆக்டிவேட்' செய்து, 'டூஈவென்ட்ஸ்' என்று ஒரு வரி போட்டு, அதற்குப் பிறகு எக்ஸ்போர்ட் கொடுங்கள். வேகத்துக்காக 'ஸ்கிரீன் அப்டேட்டிங்'கை அணைத்திருந்தால் இந்த வேலை முடியும் வரை அது இயங்கட்டும். சார்ட் மறைத்து வைத்த ஷீட்டில் இருந்தால் முதலில் அதை வெளியே கொண்டுவாருங்கள்.

பிழை காட்டி நின்றால் பெரும்பாலும் கோப்பின் பாதையிலோ பெயரிலோ கோளாறு. சேமிக்கச் சொன்ன ஃபோல்டர் ஏற்கெனவே இருக்க வேண்டும், எக்ஸ்போர்ட் கட்டளை புது ஃபோல்டரை உருவாக்காது. எக்செல் கோப்பு ஒன்டிரைவில் இருந்தால் 'திஸ்வொர்க்புக் டாட் பாத்' உங்கள் வட்டின் பாதைக்குப் பதிலாக எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் இணைய முகவரியைக் கொடுக்கும், அங்கே எக்ஸ்போர்ட் சேமிக்க முடியாமல் நின்றுவிடும். வட்டில் நேரடியாக ஓர் ஃபோல்டரின் முழுப் பாதையை எழுதிவிடுங்கள்.

பெயரில் இருக்கும் சிக்கலைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று. பன்னிரண்டு சார்ட், அவற்றின் தலைப்பையே கோப்பின் பெயராக எடுக்கும்படி எழுதியிருந்தேன், முதல் நான்கு ஒழுங்காக வந்தன, ஐந்தாவதில் நின்றது. எத்தனை தடவை ஓட்டினாலும் ஐந்தாவதிலேயே நின்றது. சார்ட்டை அழித்துப் புதிதாகவும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் தலைப்பைப் பார்த்தால் 'வரவு 2023/24'. அந்தச் சாய்கோட்டை விண்டோஸ் ஃபோல்டர் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொண்டு, 'வரவு 2023' என்ற ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருந்தது. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள் இவையெல்லாம் விண்டோஸில் கோப்பின் பெயருக்கு ஆகாது, தலைப்பிலிருந்து பெயர் எடுத்தால் இவற்றைக் கோடாக மாற்றிவிட்டு எடுங்கள்.

தமிழில் பெயர் வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விபிஏ எழுதும் சாளரம் யூனிகோடை ஏற்காது, அங்கே தமிழில் தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் நிற்கும், கேள்விக்குறி பெயருக்கு ஆகாது என்பதால் சேமிப்பும் நடக்காது. படங்களை எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த பெயரில் சேமித்துக்கொண்டு, பிறகு ஃபோல்டரில் தமிழுக்கு மாற்றுவதுதான் தொல்லையில்லாத வழி.

படத்தை அனுப்பினேன் என்று நினைத்தேன், தரவு முழுக்கப் போய்விட்டது

கடைசியாக இருந்தாலும் இதைத்தான் நான் மிகவும் கவலையோடு எழுதுகிறேன். எக்செலில் சார்ட்டைக் காப்பி செய்து வேர்டிலோ பவர்பாயின்ட்டிலோ சாதாரணமாக ஒட்டினால் அது படமாக ஒட்டுவதில்லை. உங்கள் கணினியில் உள்ள கோப்போடு இணைப்பு வைத்த சார்ட்டாகத்தான் ஒட்டும். ஒட்டும் தேர்வுகளில் 'எம்பெட்' என்பதை எடுத்திருந்தால் இன்னும் மோசம், அந்த ஒரு சார்ட்டோடு முழு எக்செல் கோப்பும், அதன் எல்லா ஷீட்டுகளும், மறைத்து வைத்தவை உட்பட, உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

எனக்கு ஒருமுறை நான்கு பக்க அறிக்கை ஒன்று வந்தது. இரண்டாம் பக்கத்து சார்ட்டில் இரண்டு நிறங்கள் ஒன்று போலவே இருந்தன, மாற்றிப் பார்க்கலாம் என்று ரைட் கிளிக் செய்து 'எடிட் டேட்டா'வைத் தொட்டேன். ஒரு முழு எக்செல் கோப்பு திறந்தது. கீழே ஐந்து தாவல்கள், மூன்றாவதில் அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே சம்பளம். உடனே மூடிவிட்டு அனுப்பியவரை அழைத்துச் சொன்னேன். அதற்குள் அந்த அறிக்கை நாற்பது பேருக்குப் போயிருந்தது. அவர் மறைக்க நினைத்ததும் இல்லை, திறந்து காட்ட நினைத்ததும் இல்லை, காப்பி செய்து, ஒட்டும் தேர்வுகளில் 'எம்பெட்' என்பதை எடுத்திருந்தார், அவ்வளவுதான்.

ஒட்டியதும் அதன் கீழே சிறு பொத்தான் ஒன்று தெரியும், அதில் 'பிக்சர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அல்லது மேலே சொன்னபடி பிஎன்ஜியாகச் சேமித்து, 'இன்சர்ட்' வழியாகப் படமாகச் செருகுங்கள். ஏற்கெனவே ஒட்டியது எது என்று தெரியவில்லையென்றால் அதன் மீது ரைட் கிளிக் செய்து பாருங்கள், மெனுவில் 'எடிட் டேட்டா' என்று வந்தால் அது இன்னும் உயிருள்ள சார்ட், படம் இல்லை.

படமாகவே ஒட்டி, வேண்டாத ஓரங்களை க்ராப் செய்திருந்தாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. க்ராப் செய்த பகுதி மறைகிறதே தவிர அழிவதில்லை, வாங்கியவர் க்ராப்பை விரித்தால் பக்கத்து செல்களில் இருந்த எண்கள் திரும்பத் தெரியும். படத்தைத் தேர்ந்தெடுத்து 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' போய், வெட்டிய பகுதிகளை நீக்கும் கட்டத்தை டிக் செய்து ஓகே கொடுங்கள், அப்புறம் கோப்பைச் சேமித்து, மூடி, மறுபடி திறந்து, அந்தப் படத்தில் க்ராப்பை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வெளியே எதுவும் வரவில்லையென்றால் அனுப்பலாம்.